மாடு பிறந்த நாடும் இறைச்சி பெற்ற பெயரும்

மெக்சிகோ நாட்டின் சொனோரா மாநிலத்து மேய்ச்சல் நிலமொன்றில் ஒரு கன்று பிறக்கிறது. பால்குடி மறந்ததும் எல்லையைக் கடந்து ஐக்கிய அமெரிக்காவுக்குள் கொண்டுவரப்படுகிறது. டெக்சாஸ் மாநிலத்தில் சில மாதங்கள் புல் மேய்ந்து, பின்னர் தீவனப் பட்டியில் மக்காச்சோளம் தின்று கொழுக்கிறது. கான்சாஸ் மாநிலத்து இறைச்சிக்கூடம் ஒன்றில் அறுக்கப்பட்டு, துண்டுகளாகிப் பொட்டலமாகி, ஓஹையோவில் ஒரு கடையின் குளிர்பெட்டிக்கு வந்து சேர்கிறது. இந்த இறைச்சி எந்த நாட்டினுடையது? பிறந்த நாட்டினுடையதா, வளர்ந்த நாட்டினுடையதா, உயிர் பிரிந்த நாட்டினுடையதா?

கேட்பதற்கு எளிய இக்கேள்விக்கு, அமெரிக்கச் சட்டம் 2002ஆம் ஆண்டு தொடங்கி ஒன்றையொன்று மறுக்கும் விடைகளை அளித்துவந்துள்ளது. அதன் பொருட்டு மூன்று அண்டை நாடுகள் தமக்குள் வழக்காடின. நாடாளுமன்றம் தான் இயற்றிய சட்டத்தைத் தானே நீக்கியது. பொட்டலத்தின் மேல் ஒட்டப்படும் ஒரு சிறு சீட்டு இத்தனை பூசலுக்கு இடமானது ஏன் என்பதையே இங்கு நாம் ஆராயப் புகுகிறோம். நம் நாட்டில் மாட்டிறைச்சி என்ற சொல்லே வேறு விவாதங்களை எழுப்பிவிடும். அவை இக்கட்டுரைக்குப் புறம்பானவை. விற்பவருக்குத் தெரிந்த ஓர் உண்மை, வாங்குபவரை அடையும் வழியில் எங்கே தொலைந்துபோகிறது என்பதே நமது கேள்வி.

இறக்குமதியாகும் ஒவ்வொரு பொருளும் அது உருவான நாட்டின் பெயரைத் தாங்கியிருக்க வேண்டும் என்பது, 1930ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் 304ஆம் பிரிவில் விதித்த கடமையாகும். ஆனால் அந்தப் பெயர் யாருக்குத் தெரிய வேண்டும்? 'இறுதியாக வாங்குபவருக்கு' என்கிறது சட்டம். இறுதியாக வாங்குபவர் என்றால் வீட்டில் சமைத்து உண்பவர்தான் என்று நாம் எண்ணுவோம். சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. வந்த பொருளைத் தன் தொழிலால் வேறொரு பொருளாக மாற்றுகிறவரே அதன் இறுதி வாங்குநர் எனக் கொள்ளப்பட்டது. ஆகவே ஆஸ்திரேலியாவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த கறித்துண்டுகளை வாங்கி அரைத்துக் கொத்துக்கறியாக்கும் ஆலையோடு அந்நாட்டின் பெயரும் நின்றுவிடும். உயிரோடு எல்லை தாண்டிவந்து அமெரிக்காவில் அறுக்கப்படும் மாட்டின் நிலையும் இதுவே. போதாக்குறைக்கு, இறைச்சி ஆய்வுச் சட்டமும், சோதனையில் தேறி நாட்டுக்குள் நுழைந்த அயல்நாட்டு இறைச்சியை உள்நாட்டு இறைச்சியாகவே நடத்தும்படி கூறியது. வேளாண்மைத் துறையின் ஆய்வு முத்திரையையும் 'பிரைம்', 'சாய்ஸ்' என்னும் தர முத்திரைகளையும் கண்டு, இது நம் நாட்டு மாடு என நம்பிய மக்கள் ஏராளம். அம்முத்திரைகள் தூய்மையையும் தரத்தையும் சொல்வன. பிறப்பைச் சொல்வன அல்ல.

இதனால் பாதிக்கப்படுவோர் யார் என்பதை அறிய, அந்நாட்டு மாட்டு வணிகம் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அடித்தளத்தில் இருப்போர் தாய்ப்பசுக்களை வைத்துக் கன்று ஈனச் செய்வோர். இவர்கள் பல இலட்சம் பேர். இவர்களுள் மிகப் பெரும்பாலோரிடம் ஐம்பதுக்கும் குறைவான தாய்ப்பசுக்களே உள்ளன. அவர்களிடமிருந்து கன்றுகளை வாங்கிக் கொழுக்கச் செய்வோர் தீவனப் பட்டிகளை நடத்துவோர். அவர்களிடமிருந்து வாங்கி அறுப்பவை பெரும் இறைச்சி நிறுவனங்கள். டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் என்னும் நான்கு நிறுவனங்களே, பட்டியில் கொழுத்த காளைகள், கிடாரிகள் ஆகியவற்றில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை அறுக்கின்றன. இவற்றுள் ஜேபிஎஸ் பிரேசில் நாட்டினது. நேஷனல் பீஃப் நிறுவனத்தின் பெரும்பங்கும் பிரேசில் நாட்டு நிறுவனமொன்றின் கையில் உள்ளது. அடித்தளத்தில் இலட்சக்கணக்கானோர், உச்சியில் நால்வர். இடையில் உள்ள சந்தையில் விலையை எவர் நிர்ணயிப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கன்று வளர்ப்போர் கூறுவது இதுதான்: நாங்கள் விற்கும் கன்று அமெரிக்காவில் பிறந்தது என்பது எங்கள் பொருளின் ஒரு பண்பு. நுகர்வோருள் பலர் அதை விரும்பி வாங்கக்கூடும். ஆனால் அப்பண்பு கடையில் மறைக்கப்படும்வரை அதற்குரிய விலை எங்களுக்குக் கிட்டாது. எங்கள் கன்றுக்கு விலை கூடும்போதெல்லாம் நிறுவனங்கள் அயல்நாட்டுக் கறியைக் கொண்டுவந்து அதே பெயரில் விற்றுவிடும். 1999ஆம் ஆண்டில் மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரை இடமாகக் கொண்டு எழுந்த 'ஆர்-காஃப்' என்னும் அமைப்பு இவ்வாதத்தை முன்னெடுத்துச் சென்றது. ஆயினும் மாடு வளர்ப்போர் அனைவரும் இக்கருத்தினர் அல்லர். அவர்களின் பழைய அமைப்பான தேசிய மாட்டிறைச்சி வளர்ப்போர் சங்கம், கட்டாயக் குறிப்பை எதிர்த்தே நின்றது. அமெரிக்கத் தீவனப் பட்டிகள் பல, மெக்சிகோவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் கன்றுகளை நம்பி நடப்பவை. மெக்சிகோவிலிருந்து மட்டும் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கன்றுகள் வந்த ஆண்டுகள் பல உண்டு. கன்றை விற்பவருக்கு எல்லை ஒரு வேலி; வாங்கி வளர்ப்பவருக்கோ அது ஒரு வாசல்.

2002ஆம் ஆண்டு மே மாதம் அதிபர் ஜார்ஜ் புஷ் கையொப்பமிட்ட வேளாண் சட்டம், மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றி இறைச்சி, மீன், காய்கனி, நிலக்கடலை ஆகியவற்றுக்கு மூலநாட்டுக் குறிப்பைக் கட்டாயமாக்கியது. ஒரு மாடு அமெரிக்காவிலேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே அறுக்கப்பட்டிருந்தால் மட்டுமே அதன் இறைச்சி அமெரிக்க இறைச்சி எனப்படும் என அது வரையறுத்தது. மூன்றும் ஒருங்கே பொருந்த வேண்டும். அலாஸ்காவிலும் ஹவாயிலும் பிறந்து வளர்ந்து, 60 நாட்களுக்கு மேற்படாமல் கனடா வழியே கொண்டுவரப்படும் மாடுகளுக்கு மட்டும் ஒரு விலக்கு தரப்பட்டது. 2004 செப்டம்பரில் நடைமுறைக்கு வரவேண்டிய இச்சட்டம், நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களில் செருகப்பட்ட வாசகங்களால் முதலில் 2006க்கும் பின்னர் 2008க்கும் தள்ளிப்போடப்பட்டது. மீனுக்கு மட்டும் 2005 ஏப்ரலில் அமலாயிற்று. மீன் வணிகத்தில் அந்த நால்வரைப் போன்றோர் இல்லை என்பதை இவ்விடத்தில் நாம் நினைவிற்கொள்ளலாம்.

இந்த இடைவெளியில்தான் 2003ஆம் ஆண்டு மே மாதத்தில், கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஒரு பசுவுக்குப் பித்தப் பசு நோய் கண்டறியப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்துப் பால்பண்ணைப் பசு ஒன்றிலும் அந்நோய் காணப்பட்டது. விசாரித்தபோது அப்பசுவும் ஆல்பர்ட்டாவில் பிறந்ததே எனத் தெரிந்தது. அதனோடு ஒரே மந்தையாக வந்தவை என ஆவணத்தில் குறிக்கப்பட்டிருந்த 81 மாடுகளுள், அந்நோய்ப் பசுவையும் சேர்த்து 29 மட்டுமே உறுதியாக அடையாளம் காணப்பட்டன. ஏனையவை எங்கே போயின என்பதைக் கண்டறியும் அளவுக்கு அந்நாட்டின் பதிவு முறை அமைந்திருக்கவில்லை.

ஐரோப்பா இதே நோயிலிருந்து வேறொரு பாடம் கற்றது. 1996இல் பிரிட்டன் அரசு பித்தப் பசு நோய்க்கும் மனிதருக்கு வரும் மூளைநோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என அறிவித்தபின் மாட்டிறைச்சி விற்பனை சரிந்தது. நம்பிக்கையை மீட்பதற்காக ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் 1760ஆம் எண் ஒழுங்குமுறையை இயற்றியது. ஒவ்வொரு மாட்டுக்கும் இரு காதுகளிலும் எண் பொறித்த வில்லை, அதற்கெனத் தனிக் கடவுச்சீட்டு, பிறப்பு முதல் இறப்பு வரை இடமாற்றம் அனைத்தையும் பதியும் தரவுத்தளம் ஆகியவற்றை முதலில் நிறுவிவிட்டு, 2002 ஜனவரி முதல் பிறந்த நாடு, வளர்ந்த நாடு, அறுக்கப்பட்ட நாடு ஆகியவற்றைக் கடைச் சீட்டில் எழுதப் பணித்தது. பிரான்சு இன்னும் ஒருபடி மேலே சென்று, உணவகங்களும் தாம் பரிமாறும் மாட்டிறைச்சியின் நாட்டை அறிவிக்க வேண்டும் என 2002 டிசம்பரில் ஆணை பிறப்பித்தது. மாட்டை அடையாளப்படுத்திய பின்னரே இறைச்சிக்குப் பெயரிட்டனர் என்பது இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒழுங்கு.

அமெரிக்கச் சட்டம் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கியது. இறைச்சியின் பிறப்பைச் சொல்லியாக வேண்டும் என ஒரு பிரிவில் கட்டளையிட்டுவிட்டு, அதைச் சரிபார்ப்பதற்காகக் கட்டாய அடையாள முறை எதனையும் வேளாண்மைத் துறைச் செயலாளர் பயன்படுத்தலாகாது என மற்றொரு பிரிவில் தடை விதித்தது. இத்தடையை விரும்பியோர் யார்? பெருநிறுவனங்கள் மட்டுமல்லர்; குறிப்பை வேண்டிப் போராடிய கன்று வளர்ப்போரே அவர்களுள் முன்வரிசையில் இருந்தனர். காதுவில்லையும் தரவுத்தளமும் தம் மந்தையை அரசின் கண்காணிப்பில் வைத்துவிடும் என அவர்கள் அஞ்சினர். 2004இல் தொடங்கப்பட்ட தேசிய விலங்கு அடையாளத் திட்டம், அவர்தம் எதிர்ப்பினால் 2010இல் கைவிடப்பட்டது. 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் காதுவில்லை விதி, மாநில எல்லை தாண்டும் பால்மாடுகள், பதினெட்டு மாதம் கடந்த காயடிக்கப்படாத மாடுகள் முதலியவற்றுக்கு மட்டுமே உரியது. அதனையும் ஆர்-காஃப் எதிர்த்தது. கடைக்காரர் தம் பொருளின் வரலாற்றைச் சொல்லட்டும், எங்கள் தொழுவத்தின் வரலாற்றை எவரும் கேட்கவேண்டாம் என்னும் இந்நிலைப்பாட்டை நியாயமானதெனக் கொள்ள நம்மால் இயலவில்லை.

அடையாள முறை இல்லாமல் சான்று எங்கிருந்து வரும்? வளர்ப்பவர் எழுதித்தரும் உறுதிமொழியே சான்றாகக் கொள்ளப்பட்டது. 2009ஆம் ஆண்டின் விதி, அவ்வுறுதிமொழிக்கு மாட்டைக் கண்ணால் பார்த்தலே போதும் என்றது. மெக்சிகோ கன்றுகளின் இடுப்பில் 'எம்' என்னும் எழுத்துச் சூடு இடப்பட்டிருக்கும். கனடா மாடுகளுக்கு 'கேன்' என்னும் குறி இருக்கும். இவை இரண்டும் காணப்படாத மாடு அமெரிக்க மாடெனக் கருதப்படலாம். அந்நியத்துக்கு அடையாளம் உண்டு. சொந்தத்துக்கு அடையாளமின்மையே அடையாளம். உஸூலுல் ஃபிக்ஹ் பயின்றோருக்கு இங்கே 'இஸ்திஸ்ஹாப்' என்னும் கோட்பாடு நினைவுக்கு வரக்கூடும். மாறியதற்குச் சான்று கிட்டும்வரை ஒரு பொருள் தன் முந்தைய நிலையிலேயே இருப்பதாகக் கொள்வது அது. ஆனால் அங்கே முந்தைய நிலை அறியப்பட்டதாக இருத்தல் வேண்டும். இங்கோ எது அறியப்படவில்லையோ அதுவே ஊகத்தின் அடிப்படையாகிவிட்டது.

2008ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் கோழியிறைச்சியையும் வெள்ளாட்டிறைச்சியையும் பட்டியலில் சேர்த்தது. அவ்வாண்டு செப்டம்பர் 30இல் இடைக்கால விதியும், 2009 மார்ச்சில் இறுதி விதியும் நடைமுறைக்கு வந்தன. முதலாண்டுச் செலவு மட்டும் 260 கோடி டாலர் ஆகும் என வேளாண்மைத் துறை மதிப்பிட்டிருந்தது. அவ்வளவு செலவிட்டு எழுதிய சீட்டில் இருந்தது என்ன? ஒரே நாளில் அமெரிக்க மாடுகளின் கறியும் கலப்புப் பிறப்புடைய மாடுகளின் கறியும் சேர்ந்து பொதியப்பட்டால், எல்லாவற்றின் மீதும் 'அமெரிக்கா, கனடா, மெக்சிகோ' என்று எழுதிவிடலாம். கொத்துக்கறிக்கு விதி இன்னும் நெகிழ்ந்தது. கடந்த 60 நாட்களுக்குள் ஒரு நாட்டின் கறி ஆலையின் இருப்பில் இருந்திருந்தால், இன்றைய பொட்டலத்தில் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்நாட்டின் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். கொழுப்பு மிகுந்த அமெரிக்கக் கறியோடு கொழுப்பு குறைந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கறியைக் கலந்து அரைப்பது அத்தொழிலின் வழக்கம் என்பதால், வரிசையாக நாடுகளின் பெயர்கள் அச்சிடப்பட்ட பொட்டலங்கள் வந்தன. நாடுகளின் பெயரெல்லாம் இருந்தும் நாடு எதுவென்று தெரியாத சீட்டு அது.

விலக்குகளோ இதனினும் பெரியன. உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் குறிப்பு தேவையில்லை. இறைச்சி மட்டும் விற்கும் சிறு கடைகளுக்கும் தேவையில்லை. சமைத்த, உப்பிட்டுப் பதப்படுத்திய, புகையூட்டிய, வேறு உணவோடு கலந்த இறைச்சிக்கும் தேவையில்லை. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளருக்கென எழுதிய 'நிஹாயத்துர் ருத்பா ஃபீ தலபில் ஹிஸ்பா' என்னும் நூலில், கசாப்புக்காரர் செம்மறிக் கறியோடு வெள்ளாட்டுக் கறியைக் கலவாதிருக்கச் சில வழிகளைக் கூறுகிறார். வெள்ளாட்டுக் கறியைக் குங்குமப்பூவால் குறியிட வேண்டும். அதன் வாலை, கறி முழுதும் விற்றுத் தீரும்வரை உடலோடு விட்டுவைக்க வேண்டும். பொருளை விட்டு நீங்காத அடையாளம் என்பது அவ்விதியின் உட்கருத்து. அமெரிக்க விதியில் அடையாளம் பொருளோடு பாதிவழி வந்து, கத்தியோ அடுப்போ பட்ட இடத்தில் நின்றுவிட்டது.

கனடாவும் மெக்சிகோவும் 2008 டிசம்பரில் உலக வணிக அமைப்பிடம் முறையிட்டன. அயல்நாட்டில் பிறந்த கன்றுகளைத் தனியே பிரித்து, தனியே அறுத்து, தனியே பதிவுசெய்வது செலவு. அச்செலவைத் தவிர்க்க எளிய வழி, உள்நாட்டு மாடுகளை மட்டுமே வாங்குவது. நிறுவனங்கள் சில அயல்நாட்டு மாடுகளை வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஏற்றன. தலைக்கு இவ்வளவு என்று விலையையும் குறைத்தன. குளிர்பெட்டியில் எழுதப்பட வேண்டிய வாசகம், ஆல்பர்ட்டாவிலும் சொனோராவிலும் உள்ள சிறு வளர்ப்பாளரின் வருவாயில் எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்கக் கன்று வளர்ப்போருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள், எல்லைக்கு அப்பால் இருப்போரும் அதே தொழிலைச் செய்யும் அதே அளவினர்தாம் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

2011 நவம்பரில் நடுவர் குழுவும், 2012 ஜூனில் மேல்முறையீட்டு அமைப்பும் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. நுகர்வோருக்கு மூலநாட்டைச் சொல்வது தவறு என்று மேல்முறையீட்டு அமைப்பு சொன்னதாகப் பலர் எழுதினர். அத்தீர்ப்பின் சாரம் அதுவன்று. நுகர்வோருக்கு அறிவிப்பது நியாயமான நோக்கமே என அது ஏற்றது. ஆனால் வளர்ப்பவரிடமிருந்தும் அறுப்பவரிடமிருந்தும் கேட்டுப் பெறப்படும் தகவல் மிகுதி. நுகர்வோருக்குச் சென்றடையும் தகவலோ அற்பம். அந்த மிகையான சுமை அயல்நாட்டு மாடுகளின் மீதே விழுகிறது. ஆதலால் அது பாரபட்சம் என்பதே தீர்ப்பு.

இதற்கு விடையாக அமெரிக்கா 2013 மே மாதம் விதியைத் திருத்தியது. 'பிறந்தது மெக்சிகோ, வளர்ந்ததும் அறுக்கப்பட்டதும் அமெரிக்கா' என ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே எழுத வேண்டும். கலப்புப் பெயர்கள் கூடா. முந்தையதைக் காட்டிலும் இது நேர்மையான சீட்டு என்பதில் ஐயமில்லை. எனினும் இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. கனடாவில் பிறந்து நெடுங்காலம் அங்கேயே வளர்ந்த மாடு, இறுதியில் சில மாதங்கள் அமெரிக்காவில் வளர்ந்திருந்தால், கனடாவில் வளர்ந்த காலத்தைச் சொல்லாமலே விட்டுவிடலாம். விலக்குகளோ அப்படியே நீடித்தன. 2014 அக்டோபரில் வெளிவந்த இணக்கக் குழுவின் அறிக்கை ஒரு கணக்கைக் காட்டியது: அமெரிக்கர் உண்ணும் மாட்டிறைச்சியில் 57.7 முதல் 66.7 விழுக்காடு வரை, பதிவேட்டுச் சுமையைத் தாங்கியும் நுகர்வோருக்குப் பிறப்பைப் பற்றி எதுவும் சொல்லாமலே விற்கப்படுகிறது. பாதிக்கும் மேற்பட்ட இறைச்சியின் வரலாறு எழுதப்படுகிறது. படிக்க வேண்டியவர் கையில் அது தரப்படுவதில்லை. இவ்வழக்கு முழுவதிலும் நமக்கு மிகுதியும் பொருளுள்ளதாகத் தோன்றுவது இந்த ஒரு கணக்குதான்.

இதற்கிடையே உள்நாட்டிலும் ஒரு வழக்கு நடந்தது. தன் பொருளைப் பற்றித் தான் சொல்ல விரும்பாததைச் சொல்லுமாறு அரசு வற்புறுத்துவது பேச்சுரிமைக்கு மாறானது என இறைச்சி நிறுவனங்களின் அமைப்பு வாதிட்டது. வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 2014 ஜூலையில் அவ்வாதத்தைத் தள்ளியது. உண்மையானதும் விவாதத்துக்கு இடமில்லாததுமான தகவலைச் சொல்லப் பணிப்பது அரசின் வரம்புக்கு உட்பட்டதே என்றது.

உள்நாட்டில் வென்ற சட்டம் ஜெனீவாவில் தோற்றது. 2015 மே மாதம் மேல்முறையீட்டு அமைப்பு இறுதியாகவும் அமெரிக்காவுக்கு எதிராகவே கூறியது. டிசம்பர் 7இல், கனடா ஆண்டுக்கு ஏறத்தாழ 105 கோடியே 50 இலட்சம் கனடிய டாலரும், மெக்சிகோ 22 கோடியே 78 இலட்சம் அமெரிக்க டாலரும் ஈடாகும் அளவுக்கு வரி விதித்துப் பதிலடி தரலாம் என நடுவர் முடிவு வெளியாயிற்று. ஆப்பிள், ஒயின், மெத்தை எனக் கனடா முன்னரே வெளியிட்டிருந்த பட்டியல், மாட்டோடு எவ்விதத் தொடர்புமற்ற அமெரிக்கத் தொழில்களை அச்சுறுத்தியது. பதினொரு நாட்களில், டிசம்பர் 18 அன்று, நிதி ஒதுக்கீட்டுச் சட்டமொன்றின் வழியே மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்குமான கட்டாயக் குறிப்பு நீக்கப்பட்டது. தீர்ப்பு காட்டிய குறையைக் களைய இரு வழிகள் இருந்தன: பதிவேட்டைக் குறைப்பது ஒன்று, உணவகத்துக்கும் பதப்படுத்திய இறைச்சிக்கும் சீட்டை விரிப்பது மற்றொன்று. இரண்டாம் வழியை நாடாளுமன்றம் கருதிப் பார்க்கவே இல்லை.

2016க்குப் பின் கன்று விலை வீழ்ந்ததற்குக் குறிப்பு நீக்கப்பட்டதே காரணம் என வளர்ப்போருள் பலர் இன்றும் கூறுகின்றனர். விலை வீழ்ந்தது உண்மை. ஆனால் 2014இன் உச்ச விலைக்கு வறட்சியால் மந்தை சுருங்கியது காரணமாயிருந்தது. பின்னர் மந்தை பெருகவே விலை இறங்கியது. வீழ்ச்சி தொடங்கியதும் சட்டம் நீக்கப்படுவதற்கு முன்னரே. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் 2012இல் வெளியிட்ட ஆய்வும், கட்டாயக் குறிப்பு வந்தபின் மாட்டிறைச்சியின் தேவை கூடியதற்குச் சான்று காணவில்லை. ஆகவே குறிப்பினால் வளர்ப்பவர் வளம் பெறுவர் என்ற வாதத்தை நாம் வலியுறுத்தத் துணியோம். வாங்குபவர் உண்மையை அறிய வேண்டும் என்ற வாதமோ விலையைச் சார்ந்து நிற்பதன்று.

கட்டாயம் நீங்கிய பின்னர் நேர்ந்ததே விந்தையானது. 'அமெரிக்காவின் உற்பத்தி' என்னும் வாசகத்தை நிறுவனங்கள் தாமாகவே அச்சிட்டுக்கொள்ள வேளாண்மைத் துறையின் பழைய கொள்கை இடம் தந்திருந்தது. உருகுவே நாட்டில் பிறந்து, வளர்ந்து, அறுக்கப்பட்ட மாட்டின் இறைச்சியை அமெரிக்க ஆலையில் பிரித்து மீண்டும் பொதிந்தாலே அவ்வாசகம் சட்டப்படி பொருந்தியது. அமெரிக்கப் புல்லில் மாடு மேய்த்தோர் இதனால் நேரடியாக நட்டமடைந்தனர். அவர்தம் அமைப்புகள் 2018இலும் 2019இலும் மனுச் செய்தன. 2024 மார்ச்சில் வெளியிடப்பட்டு 2026 ஜனவரி 1 முதல் கடைப்பிடிக்கப்பட வேண்டியதாயிருக்கும் புதிய விதியின்படி, பிறப்பு, வளர்ப்பு, அறுப்பு, பதப்படுத்தல் நான்கும் அமெரிக்காவில் நடந்திருந்தால் மட்டுமே அவ்வாசகத்தை எழுதலாம். ஒரு கட்டம் மட்டும் அங்கே நடந்திருந்தால், எந்தக் கட்டம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பொய் அடைக்கப்பட்டுவிட்டது, மௌனம் அடைக்கப்படவில்லை. புதிய விதி விரும்புவோருக்கு உரியது. பொட்டலத்தில் எதுவும் எழுதப்படவில்லையெனில், அது அயல்நாட்டு இறைச்சியாகவும் இருக்கலாம். சான்று வைத்துக்கொள்ளும் செலவை விரும்பாத நிறுவனத்தின் உள்நாட்டு இறைச்சியாகவும் இருக்கலாம். வெற்றிடத்தைப் படித்துப் பொருள் காணும் வேலை வாங்குபவரிடமே விடப்பட்டுள்ளது.

2025 ஜனவரிக் கணக்கெடுப்பில் அமெரிக்க மந்தை 8 கோடியே 67 இலட்சமாகச் சுருங்கியிருந்தது. 1951க்குப் பின் அதுவரை அதுவே மிகக் குறைவாயிருந்தது. சதையைத் தின்னும் புழு ஈயின் பரவலால் 2024 நவம்பரிலும், மீண்டும் 2025 மே மாதத்திலும் மெக்சிகோ மாடுகளின் வரவு நிறுத்தப்பட்டது. கடைகளில் விலை ஏறியபோது, 2025 அக்டோபரில் அர்ஜென்டினாவிலிருந்து கூடுதலாக மாட்டிறைச்சி தருவிக்கும் திட்டத்தை அரசு அறிவிக்க, கன்று வளர்ப்போர் கொதித்தெழுந்தனர். கட்டாயக் குறிப்பு மீண்டும் வேண்டும் என்ற குரல் அப்போது வலுத்தது. இரு கட்சிகளையும் சார்ந்த ஜான் தூன், ஜான் டெஸ்டர், மைக் ரவுண்ட்ஸ், கோரி புக்கர் ஆகிய செனட்டர்கள் 2021இல் இதற்கென மசோதா கொணர்ந்தனர். உலக வணிக விதிகளுக்கு இணங்கிய வழியொன்றைக் கண்டறியுமாறு அரசுக்குக் காலக்கெடு விதிப்பது அதன் சாரம். முன்னர் தீர்ப்பளித்த மேல்முறையீட்டு அமைப்போ, புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்காவே தடுத்ததால், 2019 டிசம்பர் முதல் செயலிழந்தது.

செம்மறி ஆட்டிறைச்சியும் வெள்ளாட்டிறைச்சியும் கோழியும் 2015இன் நீக்கத்தில் அகப்படவில்லை. அவற்றுக்குக் கட்டாயக் குறிப்பு தொடர்ந்தது. ஆகவே அதே ஓஹையோ கடையில், அதே குளிர்பெட்டியில், ஆட்டுக்காலின் பொட்டலம் தான் நியூசிலாந்தினது என்பதைச் சொல்லியாக வேண்டும். அருகில் இருக்கும் கொத்துக்கறிப் பொட்டலம் எடையையும் விலையையும் கொழுப்பின் விழுக்காட்டையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.